ஐம்பது ஆண்டுகளும் அறுநூறு வாக்குகளும்

1923ஆம் ஆண்டில் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குள் புதிதாக இரண்டு வரவுகள். மார்ச் மாதத்தில், நியூயார்க் நகரத்தின் புரூக்ளின் பகுதியிலிருந்து இமானுவேல் செல்லர் என்ற 34 வயது வழக்கறிஞர் பிரதிநிதிகள் அவையின் உறுப்பினரானார். டிசம்பர் மாதத்தில், பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுச் சிறை சென்று மீண்ட ஆலிஸ் பால் எழுதிய ஓர் அரசியலமைப்புத் திருத்தம் முதல்முறையாக அவையில் முன்வைக்கப்பட்டது. பாலினத்தைக் காரணம் காட்டி யாருக்கும் சட்டத்தின் முன் சம உரிமையை மறுக்கக் கூடாது என்பதே அதன் சாரம். சம உரிமைத் திருத்தம் என்று அதைச் சொல்வார்கள்.

அடுத்த ஐம்பது ஆண்டுகள் இந்த இரண்டு வரவுகளும் ஒரே கட்டடத்துக்குள் இருந்தன. செல்லர் படிப்படியாக உயர்ந்து, அவையிலேயே மிக நீண்டகால உறுப்பினர் என்ற இடத்தை அடைந்தார். திருத்தமோ கூட்டத்தொடர் தோறும் அறிமுகமாவதும் அடங்கிப்போவதுமாக இருந்தது. இந்த இரண்டுக்கும் தொடர்பு உண்டு. அரசியலமைப்புத் திருத்தம் எதுவானாலும் பிரதிநிதிகள் அவையின் நீதித்துறைக் குழு வழியாகத்தான் வர வேண்டும். 1949 முதல், இடையில் ஒரே ஒரு இரண்டாண்டுக் காலம் நீங்கலாக, அந்தக் குழுவின் தலைவர் செல்லர்.

கல்லூரியில் வரலாறு நடத்துகிறவள் நான். இருபதாம் நூற்றாண்டு அமெரிக்காவைப் பாடமாக எடுக்கும்போது மாணவிகளிடம் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுவேன்: அங்கே காங்கிரஸ் என்றால் கட்சி இல்லை, நாடாளுமன்றம். அதன் பிறகு 1972 ஜூன் மாதம் புரூக்ளினில் நடந்த ஓர் உட்கட்சித் தேர்தலைப் பற்றிப் பேசுவேன். பாடத்திட்டத்தில் அது கிடையாது. ஆனால் சட்டம் இயற்றும் இடத்தில் பெண்கள் இல்லாமல் போவதால் என்ன நடக்கிறது, ஒருத்தி உள்ளே நுழைந்தால் என்ன மாறுகிறது, எது மாறாமலே இருக்கிறது என்பதை அந்த ஒரு தேர்தலை வைத்தே விளக்கிவிடலாம்.

பூட்டும் சாவியும்

ஒரு மசோதாவைக் கொல்ல அதைத் தோற்கடிக்கத் தேவையில்லை. எடுக்காமல் விட்டாலே போதும். அமெரிக்க அவையில் குழுத் தலைவருக்கு அன்று இருந்த அதிகாரம் இத்தகையது. எந்த மசோதா மீது கருத்துக்கேட்பு நடத்துவது, எதை வாக்கெடுப்புக்கு விடுவது, எதைப் பெட்டியின் அடியில் போட்டுவைப்பது என்பதெல்லாம் அவர் கையில். குடியரசுக் கட்சி 1940லும் ஜனநாயகக் கட்சி 1944லும் தங்கள் தேர்தல் அறிக்கைகளில் சம உரிமைத் திருத்தத்தை ஆதரித்துவிட்டன. இரண்டு பெரிய கட்சிகளும் ஒப்புக்கொண்ட ஒரு விஷயம், செல்லரின் குழுவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஒரு கருத்துக்கேட்பு அமர்வைக்கூடக் காணவில்லை.

குழுத் தலைவர் எப்படித் தேர்வானார்? ஆளும் கட்சியில் யார் அந்தக் குழுவில் அதிக ஆண்டுகள் இருந்தாரோ அவரே தலைவர். மூப்பு முறை என்று இதற்குப் பெயர். கேட்பதற்கு நடுநிலையான விதிதான். பெண் என்றோ ஆண் என்றோ அதில் ஒரு சொல் இல்லை. ஆனால் மூப்பு சேர வேண்டுமானால் இளம் வயதிலேயே ஒரு பாதுகாப்பான தொகுதி கிடைக்க வேண்டும். பிள்ளை வளர்ப்பும் குடும்பமும் அதைத் தடுக்கக் கூடாது. கட்சியின் உள்ளூர்ப் பெரியவர்கள் தேர்தலுக்குத் தேர்தல் உங்களையே நிறுத்த வேண்டும். இவை யாருக்கு அமைந்தன என்று பார்த்தால் அந்த விதியின் நடுநிலை எவ்வளவு என்பது விளங்கும். கணவன் இறந்ததால் அவன் இடத்துக்கு வந்தவர்கள்தான் அந்நாளைய பெண் உறுப்பினர்களில் கணிசமானோர். வாழ்க்கையின் நடுவில் நுழைந்தவர்கள் வரிசையின் கடைசியில் நின்றார்கள்.

1964 பிப்ரவரி 8ஆம் தேதி அந்த அவையில் நடந்த ஒரு காட்சியைப் பெண் வரலாறு எழுதுகிறவர்கள் திரும்பத் திரும்ப நினைவுபடுத்துகிறார்கள். நிறவெறிப் பாகுபாட்டை ஒழிக்கும் குடியுரிமைச் சட்டம் விவாதத்தில் இருந்தது. அதை அவையில் நடத்திச்சென்றவர் செல்லர். வேலைவாய்ப்பில் இனம், நிறம், மதம், பிறந்த நாடு ஆகியவற்றின் பெயரால் பாகுபாடு கூடாது என்ற பிரிவில் 'பாலினம்' என்ற சொல்லையும் சேர்க்கலாம் என்று வர்ஜீனியாவைச் சேர்ந்த ஹோவர்ட் ஸ்மித் எழுந்தார். ஸ்மித் கறுப்பின மக்களின் உரிமைக்கு எதிரி. சட்டத்தைக் கவிழ்க்கவே அதைச் செய்தாரா, வேறு எண்ணமும் இருந்ததா என்று இன்றும் வாதிடுகிறார்கள். செல்லர் எதிர்த்தார். எதிர்க்கும்போது ஒரு நகைச்சுவையும் சொன்னார்: தம் வீட்டில் கடைசி வார்த்தை எப்போதும் தம்முடையதுதான், அது 'சரிம்மா' என்பதுதான் என்று. அவை சிரித்தது.

மிச்சிகன் மாநிலத்தின் மார்த்தா கிரிஃபித்ஸ் எழுந்து, பெண்கள் இரண்டாந்தரமானவர்கள் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை, இந்தச் சிரிப்பே போதும் என்ற பொருளில் பேசினார். பேசிய பெண் உறுப்பினர்களில் ஈடித் கிரீன் மட்டும், முதலில் கறுப்பின மக்களுக்கு நீதி கிடைக்கட்டும் என்று திருத்தத்தை எதிர்த்தார். வாக்கெடுப்பில் 168க்கு 133 என்று அந்தச் சொல் சட்டத்தில் ஏறியது. இன்று அமெரிக்காவில் வேலையிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிராக ஒரு பெண் வழக்குத் தொடுக்க முடிகிறதென்றால் அதற்கான வேர் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது.

செல்லருக்கு நாம் பட்ட கடன்

இந்த இடத்தில் வகுப்பில் யாராவது ஒரு பெண் கேட்பாள்: "அப்ப அவர் கெட்டவரா மேடம்?"

எனக்கு இதற்குச் சட்டென்று பதில் சொல்ல முடிவதில்லை. ஏனென்றால் செல்லருக்கு என் குடும்பமே கடன்பட்டிருக்கிறது. என் அத்தை எழுபதுகளின் தொடக்கத்தில் நர்ஸாக அமெரிக்கா போனவர். அவர் அனுப்பிய பணத்தில்தான் எங்கள் வீட்டில் இரண்டு பெண்கள் பட்டப்படிப்பு முடித்தோம். அவர் போக முடிந்ததே 1965ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தால். அதற்கு ஹார்ட்–செல்லர் சட்டம் என்று பெயர். பிறந்த நாட்டை வைத்து ஆளுக்கொரு கணக்குப் போட்டு, ஆசியர்களுக்குக் கதவைச் சாத்தியிருந்த ஏற்பாட்டை அது நீக்கியது. அந்தப் பழைய ஏற்பாடு 1924இல் சட்டமானபோது, அவைக்கு வந்து ஓராண்டே ஆகியிருந்த செல்லர் அதை எதிர்த்துப் பேசினார். பிறகு 41 ஆண்டுகள் காத்திருந்து அதை முறித்தார். நடுவே 1946இல் லூஸ்–செல்லர் சட்டம்: இந்தியர்கள் ஆண்டுக்கு 100 பேர் குடியேறலாம், அமெரிக்கக் குடியுரிமையும் பெறலாம். அதற்கு முன் அந்த உரிமை நமக்குச் சட்டப்படி மூடப்பட்டிருந்தது. ஜெர்மனியிலிருந்து வந்த யூதக் குடும்பத்தின் வழித்தோன்றல் அவர். கதவுக்கு வெளியே நிற்பவர்களின் நிலை அவருக்குத் தெரியும்.

இவ்வளவு தெரிந்தவருக்குப் பெண்களின் கதவு ஏன் தெரியவில்லை?

அவர் தரப்பு வாதத்தை நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். திருத்தம் வந்தால் தொழிற்சாலைப் பெண்களுக்கான பாதுகாப்புச் சட்டங்கள் அடிபடும் என்பது அவர் கவலை. ஒரு பெண் நாளைக்கு இத்தனை மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது, இத்தனை எடைக்கு மேல் தூக்கக் கூடாது என்று பல மாநிலங்களில் விதிகள் இருந்தன. அவற்றைப் பெற்றுத் தந்தது தொழிற்சங்கங்களின் போராட்டம். எலினார் ரூஸ்வெல்ட் போன்ற பெண் தலைவர்களே நெடுங்காலம் இந்தக் காரணத்தால் திருத்தத்தை ஆதரிக்கவில்லை. ஆலிஸ் பாலின் ஆதரவாளர்களில் வசதியான வீட்டுப் பெண்கள் அதிகம் என்பதும் உண்மை. ஆகவே, இது வெறும் ஆணாதிக்கப் பிடிவாதம் என்று ஒரே வரியில் முடித்துவிட முடியாது.

ஆனால் காலம் மாறிக்கொண்டிருந்தது. எடை தூக்கக் கூடாது என்ற விதியைக் காட்டி, கூடுதல் சம்பளமுள்ள வேலைகளைப் பெண்களுக்குத் தர மறுத்தார்கள் முதலாளிகள். மிகைநேர வேலை இல்லை என்றால் மிகைநேரச் சம்பளமும் இல்லை. தொழிலாளிப் பெண்களே வழக்குப் போட்டார்கள். 1964 சட்டத்துக்கு முரணான அந்த மாநில விதிகள் செல்லாது என்று சம வேலைவாய்ப்பு ஆணையம் 1969இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. 1970இல் மோட்டார் தொழிலாளர் சங்கம் திருத்தத்தை ஆதரித்துத் தீர்மானம் போட்டது. யாரைக் காப்பதாகச் சொல்லிச் செல்லர் கதவை மூடி வைத்திருந்தாரோ, அவர்களே அதைத் திறக்கச் சொல்லி வெளியே நின்றார்கள். அவர் அப்போதும் கேட்கவில்லை. பாதுகாப்பு என்பது பாதுகாக்கப்படுகிறவளைக் கேட்காமலே தொடரும்போது அது காவலாகிவிடுகிறது.

உள்ளிருந்து ஒரு வழி

1970இல் மார்த்தா கிரிஃபித்ஸ் அபூர்வமான ஒரு விதியைக் கையிலெடுத்தார். அவையின் 435 உறுப்பினர்களில் 218 பேர் கையெழுத்திட்டால், ஒரு மசோதாவைக் குழுவின் பிடியிலிருந்து விடுவித்து நேரே அவைக்குக் கொண்டுவரலாம். இந்த மனு பெரும்பாலும் வெற்றி பெறாது. குழுத் தலைவரைப் பகைத்துக்கொண்டால் நாளைக்குத் தன் மசோதாவும் பெட்டிக்குள் போகும் என்று உறுப்பினர்கள் அஞ்சுவார்கள். கிரிஃபித்ஸ் ஒவ்வொருவராகப் பிடித்தார். தனக்கு எங்கே உதவி கேட்டிருந்தார்கள், யாருக்கு எந்த வாக்கு தேவைப்பட்டது என்ற கணக்கையெல்லாம் நினைவில் வைத்திருந்த அரசியல்வாதி அவர். 218 கையெழுத்துகள் சேர்ந்தன.

1970 ஆகஸ்ட் 10 அன்று திருத்தம் அவைக்கு வந்தது. அன்று அதை ஆதரித்துப் பேசியவர்களில் ஷெர்லி சிஸோமும் ஒருவர். நாடாளுமன்றத்துக்குத் தேர்வான முதல் கறுப்பினப் பெண், அவரும் புரூக்ளின்காரர். சுமார் 350 வாக்குகள் ஆதரவு, எதிர்ப்பு 15 மட்டும். நெடுங்காலமாக ஒரு மனிதரின் மேசையில் கிடந்தது, மேசையை விட்டு எழுந்ததும் ஒரே நாளில் நிறைவேறியது. அதுவரை தடுத்தது நாட்டின் கருத்து இல்லை, ஒரு மேசைதான் என்பது எண்களிலேயே தெரிந்தது.

செனட் அந்த ஆண்டு அதை முடிக்கவில்லை. 1971 அக்டோபரில் பிரதிநிதிகள் அவை மீண்டும் 354 வாக்குகளோடு நிறைவேற்றியது. 1972 மார்ச் 22 அன்று செனட்டில் 84க்கு 8. இனி 38 மாநிலங்கள் ஏற்க வேண்டும், ஏழு ஆண்டுகளுக்குள்.

ஏறக்குறைய மூன்று மாதம் கழித்து செல்லரின் தொகுதியில் உட்கட்சித் தேர்தல்.

வெளியிலிருந்து ஒரு வழி

எலிசபெத் ஹோல்ட்ஸ்மன் புரூக்ளினில் பிறந்தவர். அப்போது அவருக்கு 30 வயது. செல்லருக்கு 84. ஹார்வர்டு சட்டக் கல்லூரியில் பெண்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில் இருந்த காலத்தில் படித்து 1965இல் வெளியே வந்தவர். மாணவியாக இருந்தபோதே, 1963 கோடையில் ஜார்ஜியா மாநிலத்தின் ஆல்பனி நகருக்குப் போய், குடியுரிமைப் போராட்டக்காரர்களுக்காக வாதாடிய கறுப்பின வழக்கறிஞர் சி. பி. கிங்கிடம் வேலை பார்த்தார். அடுத்த ஆண்டு செல்லர் வாஷிங்டனில் நடத்திச்சென்ற சட்டத்துக்கு ஆல்பனி போன்ற ஊர்களின் தெருக்கள்தான் காரணம். ஆக இருவரும் ஒரே போராட்டத்தின் இரண்டு முனைகளில் நின்றவர்கள். செல்லரின் எதிரி முகாமிலிருந்து வந்தவர் இல்லை ஹோல்ட்ஸ்மன். அவர் வளர்த்த பயிரில் விளைந்தவர் என்றுகூடச் சொல்லலாம்.

பிறகு நியூயார்க் மேயர் ஜான் லிண்ட்சேயிடம் உதவியாளராக இருந்தார். 1970இல் கட்சியின் மாநிலக் குழுவுக்குத் தேர்வானார். அங்கிருந்து நேரே செல்லரை எதிர்த்து நிற்க முடிவு செய்தபோது யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. அந்தத் தொகுதியில் ஜனநாயகக் கட்சியின் வேட்பாளரானால் நவம்பரில் வெற்றி ஏறக்குறைய உறுதி. எனவே உண்மையான தேர்தல் உட்கட்சித் தேர்தல்தான். அதில் செல்லரை யாரும் வீழ்த்தியதில்லை. உள்ளூர்க் கட்சி இயந்திரம் அவர் பக்கம். பல்குச்சியை வைத்துக்கொண்டு வாஷிங்டன் நினைவுத் தூணைச் சாய்க்கப் பார்க்கிறாள் என்று அவர் கேலி செய்தார்.

ஹோல்ட்ஸ்மனிடம் பணம் அதிகம் இல்லை. தொலைக்காட்சி விளம்பரத்துக்கு வழியில்லை. அவரும் தொண்டர்களும், அதில் பெரும்பாலோர் பெண்களும் மாணவர்களும், சுரங்க ரயில் நிலைய வாசல்களிலும் கடைத்தெருக்களிலும் சினிமா வரிசைகளிலும் நின்று ஒவ்வொருவராகக் கைகொடுத்துப் பேசினார்கள். அவர் வைத்த குற்றச்சாட்டுகள் நான்கு. செல்லர் வியட்நாம் போரை ஆதரித்தார். சம உரிமைத் திருத்தத்தை எதிர்த்தார். உறுப்பினராக இருந்துகொண்டே வழக்கறிஞர் நிறுவனத்தில் பங்கு வைத்திருந்தார். தொகுதிக்குள் மக்கள் போய்ப் பார்க்க ஓர் அலுவலகம்கூட இல்லை. புரூக்ளினை விட்டு ஒருவன் ஒருபோதும் வெளியேறுவதில்லை என்ற பொருள்படும் தலைப்பில் 1953இல் தன்வரலாறு எழுதியவர் செல்லர். அவரைப் பார்த்துத்தான் இந்தக் கடைசிக் குற்றச்சாட்டு.

தேர்தல் 1972 ஜூன் 20. அதற்கு மூன்று நாள் முன்பு வாஷிங்டனில் வாட்டர்கேட் கட்டடத்தில் ஜனநாயகக் கட்சி அலுவலகத்துக்குள் புகுந்த ஐந்து பேர் பிடிபட்டிருந்தார்கள். அந்தச் செய்திக்கும் இந்தத் தேர்தலுக்கும் தொடர்பு இருக்கிறது என்று அன்று யாருக்கும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

ஹோல்ட்ஸ்மன் சுமார் 600 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார்.

அதே நாளில் அதே நகரத்தில் நடந்த இன்னொரு போட்டியையும் சொல்லியாக வேண்டும். பெண்ணிய இயக்கத்தின் பெருங்குரலாக இருந்த பெல்லா ஆப்சக், தொகுதி மறுவரையறையில் தன் தொகுதியை இழந்து, வில்லியம் ரயன் என்ற உறுப்பினரை எதிர்த்து நின்றார். ரயன் போரை முன்கூட்டியே எதிர்த்தவர், மக்கள் மதித்த மனிதர், நோயாளியும்கூட. ஆப்சக் படுதோல்வி அடைந்தார். செப்டம்பரில் ரயன் இறந்த பிறகே கட்சி ஆப்சக்கை அந்த இடத்துக்கு நிறுத்தியது. ஆக, பெண் நிற்கிறாள் என்பதற்காக மட்டும் நியூயார்க்வாசிகள் அன்று வாக்களித்துவிடவில்லை. ரயன் தம் மக்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார், நிலைத்தார். செல்லர் பதில் சொல்வதை நிறுத்தியிருந்தார், விழுந்தார்.

காலியான நாற்காலி

1973 ஜனவரியில் ஐந்து புதிய பெண்கள் அவைக்குள் வந்தார்கள்: எலிசபெத் ஹோல்ட்ஸ்மன், பார்பரா ஜோர்டன், இவான் பர்க், பாட்ரீசியா ஷ்ரோடர், மார்ஜரி ஹோல்ட். ஹோல்ட்ஸ்மனும் ஜோர்டனும் நீதித்துறைக் குழுவில் இடம்பெற்றார்கள். செல்லரின் குழு. தலைவர் நாற்காலியில் இப்போது நியூ ஜெர்சியின் பீட்டர் ரொடினோ.

அடுத்த ஆண்டு வாட்டர்கேட் விவகாரத்தில் அதிபர் ரிச்சர்ட் நிக்சன் மீதான பதவி நீக்கக் குற்றச்சாட்டை விசாரித்தது இந்தக் குழுதான். 1974 ஜூலையில் நாடே தொலைக்காட்சி முன் அமர்ந்திருந்தபோது குழுவில் இருந்த பெண்கள் இவர்கள் இருவர் மட்டுமே. அந்த அக்டோபரில், நிக்சனுக்குப் பொதுமன்னிப்பு வழங்கிய அதிபர் ஜெரால்டு ஃபோர்டு துணைக் குழுவின் முன் வந்தபோது, அந்த மன்னிப்பின் பின்னால் பேரம் இருந்ததா என்று நேருக்கு நேராகக் கேள்வி எழுப்பியவர் ஹோல்ட்ஸ்மன்.

அதற்கு முன்பே, 1973இல், கம்போடியா மீதான குண்டுவீச்சுக்கு நாடாளுமன்றத்தின் ஒப்புதல் இல்லை என்று அவர் வழக்குத் தொடுத்தார். புரூக்ளின் மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. மேல் நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. உச்ச நீதிமன்ற நீதிபதி டக்ளஸ் தனியொருவராக மீண்டும் குண்டுவீச்சைத் தடுத்தார். சில மணி நேரத்தில் மற்ற நீதிபதிகள் அந்த உத்தரவைப் புரட்டினார்கள். சட்டப்படி தோல்விதான். ஆனாலும் முதல் ஆண்டு உறுப்பினர் ஒருவர் போரையே நீதிமன்றத்தில் நிறுத்திக் கேள்வி கேட்டார்.

பெண்களுக்கென்று அவர் செய்ததையும் பட்டியலிட வேண்டும். 1977இல் குடியரசுக் கட்சியின் மார்கரெட் ஹெக்லரோடு சேர்ந்து நாடாளுமன்றப் பெண் உறுப்பினர் அணியைத் தொடங்கினார். பாலியல் வன்முறை வழக்குகளில் பாதிக்கப்பட்ட பெண்ணின் கடந்தகால வாழ்க்கையைக் கிளறி அவளையே குற்றவாளியாக்கும் வழக்கத்தைக் கூட்டாட்சி நீதிமன்றங்களில் கட்டுப்படுத்தும் சட்டத்தை 1978இல் கொண்டுவந்தார். அதே ஆண்டு, சம உரிமைத் திருத்தத்துக்கான கெடு முடியும் நிலையில், அதை 1982 ஜூன் 30 வரை நீட்டிக்கும் தீர்மானத்தையும் நிறைவேற்றிக் காட்டினார். செல்லர் அடைத்துவைத்த திருத்தத்துக்கு, செல்லரின் இடத்துக்கு வந்தவர் மூச்சுவிட அவகாசம் வாங்கித் தந்தார்.

அவகாசம் போதவில்லை. முதல் ஓராண்டிலேயே 30 மாநிலங்கள் ஏற்றுக்கொண்டிருந்தன. அதற்குள் ஃபிலிஸ் ஷ்லாஃப்லி என்ற பெண்ணின் தலைமையில் எதிர்ப்பு இயக்கம் எழுந்துவிட்டது. திருத்தம் வந்தால் பெண்கள் போர்முனைக்குப் போக வேண்டும், இல்லத்தரசிகளுக்குப் பாதுகாப்பு போய்விடும் என்று அது பரப்பியது. 1977இல் 35ஆவது மாநிலத்தோடு வண்டி நின்றது. கெடு முடிந்தபோது மூன்று மாநிலங்கள் குறைவு. 2020இல் வர்ஜீனியா 38ஆவதாக ஏற்றது. கெடு கடந்த ஒப்புதல் செல்லுமா என்ற வழக்காடலில் அது இன்னும் அரசியலமைப்பில் ஏறாமலே நிற்கிறது.

இங்கேதான் நான் மாணவிகளை நிறுத்திக் கணக்குப் போடச் சொல்வேன். எதிர்ப்பு இயக்கம் திரள்வதற்கு முன், இரண்டு கட்சிகளும் ஆதரித்திருந்த ஐம்பதுகளிலோ அறுபதுகளிலோ திருத்தம் மாநிலங்களுக்குப் போயிருந்தால்? வரலாற்றில் 'இருந்தால்' என்பதற்கு விடை கிடையாது. ஆனால் தாமதத்துக்கு விலை உண்டு. 'இப்போது வேண்டாம்' என்று சொன்னவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. இருந்தும் விளைவு ஒன்றுதான். நல்ல காரியங்கள் பல செய்தவர் என்பதால் அவருடைய 'இப்போது வேண்டாம்' நெடுங்காலம் கேள்வியின்றிச் செல்லுபடியானது.

நம் வீட்டிலும் இயக்கத்திலும் தொழிற்சங்கத்திலும் இப்படிப்பட்ட பெரியவர்களை நாம் அறிவோம். நமக்காகப் போராடியவர்கள், நம்மைப் படிக்க வைத்தவர்கள், மேடையேற்றியவர்கள். 'உங்கள் பிரச்சினையை அப்புறம் பார்ப்போம்' என்று அவர்கள் சொல்லும்போது எதிர்த்துப் பேசினால் நன்றிகெட்டவள் என்ற பெயர் வரும். எதிரியை எதிர்ப்பதைவிட இது கடினம். ஹோல்ட்ஸ்மன் செய்தது இந்தக் கடினமான காரியம். செல்லரின் 1964 சட்டத்தையோ 1965 சட்டத்தையோ அவர் மறுக்கவில்லை. அதற்கான நன்றிக்கு ஒரு தொகுதியையும் ஒரு குழுவையும் ஆயுள் உரிமையாக எழுதிக்கொடுக்க முடியாது என்று மட்டும் சொன்னார்.

அத்தையிடம் ஒருமுறை தொலைபேசியில் இந்தக் கதையைச் சொன்னேன். தன்னை உள்ளே விட்ட சட்டத்தில் இருந்த பெயர் யாருடையது என்று அதுவரை அவர் கேள்விப்பட்டதில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நல்ல மனுசன்தான். ஆனா நான் அந்த ஊர்ல இருந்திருந்தா அந்தப் பொண்ணுக்குத்தான் போட்டிருப்பேன்" என்றார். ஆஸ்பத்திரியில் முப்பது ஆண்டு இரவுப்பணி பார்த்தவர். ஆண் நர்ஸுக்கும் தனக்கும் இருந்த சம்பள வித்தியாசத்தை இன்றும் டாலர் சுத்தமாகச் சொல்வார்.

வயதைப் பற்றிய கதையாக இதை வாசிக்க வேண்டாம் என்றும் மாணவிகளிடம் சொல்வதுண்டு. ஹோல்ட்ஸ்மன் 1980இல் செனட் தேர்தலில் மிகக் குறைந்த வித்தியாசத்தில் தோற்றார். புரூக்ளினின் அரசு வழக்கறிஞராகவும் நகரின் கணக்குக் கட்டுப்பாட்டாளராகவும் பணியாற்றினார். 2022இல், 81ஆவது வயதில், மீண்டும் நாடாளுமன்றத்துக்கான உட்கட்சித் தேர்தலில் நின்றார். 84 வயதுக்காரரை வீழ்த்தியவர் 81இல் நிற்கிறாரே என்று சிலர் சிரித்தார்கள். அவர் வெல்லவில்லை. ஆனால் ஒரு முதியவள் வாசலில் நின்று வாக்குக் கேட்பதும், ஒரு முதியவர் வாசலுக்கே வராமல் வாக்கை எதிர்பார்ப்பதும் ஒன்றாகாது.

மூப்பு முறையும் பிறகு ஆட்டம் கண்டது. 1975இல் ஜனநாயகக் கட்சி உறுப்பினர்கள் மூன்று குழுத் தலைவர்களை வாக்கெடுப்பில் இறக்கினார்கள். சென்னையில் பிறந்த பிரமிளா ஜெயபால் 2016இல் அவைக்குத் தேர்வாகி, அதே நீதித்துறைக் குழுவில் அமர்ந்து குடியேற்றத்தைப் பற்றிப் பேசுகிறார். செல்லர் திறந்த கதவும் ஹோல்ட்ஸ்மன் திறந்த கதவும் அங்கே சந்திக்கின்றன.

அந்தக் குழுவின் தலைவர் நாற்காலியில் மட்டும் இதுவரை ஒரு பெண் அமரவில்லை. செல்லருக்குப் பின் வந்த அத்தனை பேரும் ஆண்கள். வகுப்பு முடியும்போது இதைச் சொல்லிவிட்டுக் கரும்பலகையை அழைப்பேன் என்றால் மாணவிகள் விடுவதில்லை. "அடுத்து யார் மேடம் நிக்கப் போறாங்க?" என்று கேட்பார்கள். யாரை எதிர்த்து என்று அவர்கள் கேட்பதில்லை. அது அவர்களுக்குத் தெரியும்.